கிணறு முன்னோ, சுரங்கம் முன்னோ?

(மன்னாரில் விவசாயிகளும், ஆசிரியர், பொறியியலாளர், மருத்துவர், சட்டத்தரணி முதலிய தொழில்வல்லாரும் ஒருங்குகூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் ஏறுமுன் ஒரு செம்பு தண்ணீர் கேட்டோம். அயல்வீட்டுத் தாய் ஒருவர் தமது கிணற்றிலே அள்ளித் தந்தார். மூன்று பக்கம் கடல் சூழ, நான்காம் பக்கம் உவர்நிலம் கிடக்க, நடுவே ஆளாழத்து மணற்கிணற்றிலே கிடைத்த அந்நீர் இனிப்பாயிருந்தது. இது எளிய செய்தியன்று. இன்று நாம் பேச வந்த பொருள் முழுவதும் அந்தச் செம்புத் தண்ணீருக்குள்ளே அடங்கியிருக்கிறது.

மன்னாரின் மணலில் உலகச் சந்தைக்கு வேண்டிய கனிமம் இருக்கிறது. அதே மணலில்தான் நமது குடிநீரும் இருக்கிறது. அறைக்குள் அறையாக, பெட்டிக்குள் பெட்டியாக அவை பிரிந்து கிடக்கவில்லை. ஒரே படையில், ஒரே மணிகளுக்கு இடையில் கிடக்கின்றன. ஆகவே மணலை அசைக்கும் உரிமையை ஒருவன் பெறுவானாயின், நீரை அசைக்கும் உரிமையையும் அவன் கேளாமலே பெற்றுவிடுகிறான். இதனைத்தான் நாம் ஆராய வேண்டும்.

மன்னாரின் இருவகை நீர்

முதலில் நம்மிடம் உள்ளது யாது என்று கணக்கெடுப்போம்.

மன்னார் மாவட்டத்துக்கு நிலத்தடியிலே இருவகை நீர் உண்டு. ஒன்று பெருநிலப்பகுதியின் நீர். முருங்கனைச் சூழ்ந்த பகுதியிலே நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கற் பாறை பரந்து கிடக்கிறது. அப்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நீர் தேங்கி, மேலேயுள்ள இறுகிய படைகளால் அழுத்தப்பட்டுக் கிடக்கிறது. துளையிட்டால் அழுத்தத்தினால் மேலெழும் இயல்பு அந்நீருக்கு உண்டு. தீவின் நகர்ப்புறக் குழாய்களுக்கு நீர் தருவனவும் முருங்கன் பகுதிக் கிணறுகளே. அருவியாற்றுத் தண்ணீரும் கட்டுக்கரைக் குளமும் வயலுக்குச் செய்யும் உதவியை, அந்த ஆழத்து நீர் மனிதருக்குச் செய்கிறது.

மற்றையது தீவின் நீர். தலைமன்னார் தொடக்கம் மன்னார் நகர் வரை, இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் இத்தீவு, கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உடையது. இங்கே ஆறு இல்லை, பெருங்குளம் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் கொட்டிவிடுகிறது. அந்த மழையை ஒன்பது மாதத்துக்கு ஏந்தி வைத்திருப்பது மணல். பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தாழ்வுபாட்டிலும் தோட்டவெளியிலும் நம் முன்னோர் பூவல் தோண்டிக் குடித்ததும், துரவு தோண்டித் தோட்டம் செய்ததும் அந்த மணலை நம்பித்தான்.

இவ்விரு நீருக்கும் இயல்பு வேறு. வரக்கூடிய கேடும் வேறு. ஆனால் நிலத்தைத் தோண்டுகிறவன் இரண்டையும் எதிர்கொள்ளவேண்டியவனாகிறான். இதனை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுத் தொலைவு செல்லவேண்டியிருக்கிறது.

நிலக்கரி கற்பித்த பாடம்

நிலக்கரிச் சுரங்கமே இல்லாத நம் நாட்டிலே நிலக்கரிச் சுரங்கத்தின் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நுரைச்சோலை மின்நிலையத்தில் எரியும் கரியும் கடல் கடந்து வருவதுதானே என்று சொல்லலாம். உண்மை. ஆயினும் சுரங்கமும் நீரும் செய்யும் போரை மனிதன் மிக நீண்டகாலம் கண்டு பாடம் படித்த இடம் நிலக்கரி நாடுகளே. பிறர் பட்டறிந்ததை நாம் கேட்டறிவது குறைவன்று.

நீராவி இயந்திரம் எதற்காகப் பிறந்தது? ரயிலை இழுப்பதற்காகவும் நெசவாலையை ஓட்டுவதற்காகவும் அன்று. 1712ஆம் ஆண்டில் நியூக்கொமன் என்னும் ஆங்கிலேயர் டட்லி என்ற ஊரின் அருகே நிறுத்திய முதல் இயந்திரம், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைப்பதற்காகவே நிறுத்தப்பட்டது. கரிப்படைகளுக்கு மேலும் கீழும் உள்ள மணற்கற் படைகள் நீரைத் தாங்கி நிற்பவை. அவற்றிடையே வழி வெட்டினால், நாலாபுறத்து நீரும் அவ்வெட்டை நோக்கி ஓடிவரும். இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கும். இறைத்தால் அயலூர்க் கிணறு வற்றும். இடையிலே மூன்றாம் வழி கிடையாது. நமது நாட்டின் போகலை, கஹட்டகஹ காரீயச் சுரங்கங்களும் நீர் இறையாது இயங்கக்கூடியவை அல்ல.

கைவிடப்பட்ட சுரங்கமும் சும்மா இருப்பதில்லை. அதிலே நீர் நிறைந்து கிடக்கும். 1975ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், இந்தியாவின் தன்பாத் நகருக்கு அருகேயுள்ள சஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்திலே, அவ்வாறு தேங்கிக் கிடந்த நீர் சுவரை உடைத்துக்கொண்டு உட்புகுந்தது. 370க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். நீர் எங்கே நிற்கிறது, எவ்வளவு நிற்கிறது என்று அறியாமல் நிலத்தைத் தொடுதல் எத்துணைக் கொடியது என்பதற்கு அந்த ஏழைகளின் உயிர் சான்றாயிற்று.

தமிழர் நன்கறிந்த இடத்துக்கு வருவோம். நெய்வேலியிலே 1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தமது நிலத்திலே நீருக்காகத் தோண்டினார். தண்ணீரோடு கரியும் வெளிப்பட்டது. 1956இல் கழகம் அமைந்தது. 1957இல் நேரு பெருமகனார் சுரங்கவேலையைத் தொடக்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படையைத் தொட்டனர். அப்படையின் கீழே அழுத்தம் மிகுந்த நீர்ப்படை ஒன்று கிடந்தது. சதுரச் சென்ரிமீற்றருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோகிராம் வரை அதன் அழுத்தம். அதாவது, அறுபது முதல் எண்பது மீற்றர் உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தும் வலிமை! மேலேயுள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்நீர் சுரங்கத்தின் தரையையே வெடித்துக்கொண்டு எழும். ஆகவே சுற்றிலும் குழாய்க்கிணறுகள் இட்டு, இரவு பகல் என்று பாராது இறைத்து, அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே கரி வெட்டினர். ஒரு தொன் கரிக்குப் பல தொன் தண்ணீர் இறைக்கப்பட்டது.

நாம் ஒருபக்க வழக்குப் பேச வரவில்லை. நெய்வேலி தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை தந்தது. இறைத்த நீரில் ஒரு பகுதி மின்நிலையத்துக்கும் வயலுக்கும் சென்றது. வரட்சிக் காலங்களிலே சென்னை நகரின் தாகத்தையும் அப்பகுதி நீர் தணித்தது. இவையாவும் உண்மை. ஆனால் ஒருகாலத்தில் துளையிட்டால் தானே பொங்கி வழிந்த ஊற்றுக்களை உடைய அந்த நாட்டிலே, உழவன் ஆண்டுக்காண்டு ஆழமாகத் துளையிட்டு, பெரிய மோட்டாராக வாங்கிப் பூட்டவேண்டியவனானான் என்பதும் உண்மை. கிணறு தேடப்போய்க் கரி கிடைத்தது. பின்னர் கரி தேடப்போய்க் கிணறு போயிற்று.

அந்நாட்டு மக்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டனர். காவிரிப் படுகையிலே வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டபோது, உழவரும் கட்சிகளும் தமிழ்நாட்டு அரசும் ஒரே குரலில் எதிர்த்தனர். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்துக்கென 2020இல் அவர்கள் இயற்றியிருந்த சட்டமும் கைகொடுத்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு அம்மூன்றையும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவர்கள் கேட்டது இழப்பீடு அன்று. மண்வெட்டி நிலத்திற் படுமுன்னரே கேட்டனர், அதனாலேயே பெற்றனர்.

மணலைத் தோண்டினால் யாது நேரும்?

இப்பொழுது நமது தீவுக்கு மீள்வோம். இங்கே அழுத்தத்தில் அடைபட்ட நீர் இல்லை. திறந்த மணலிலே, உப்புநீரின் மேலே, வில்லை வடிவில் மிதந்து நிற்கும் நன்னீரே உண்டு. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. அச்சிறு வேற்றுமையின் பேரிலே நம்முடைய வாழ்வு தொங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கலாம் என்பது ஒல்லாந்தரும் சேர்மானியரும் நூறாண்டுக்கு முன்னரே தத்தம் கடற்கரைகளிலே கண்டறிந்த விதி. நிலத்தின் கீழேயுள்ள பாறையும் மணலின் தன்மையும் இக்கணக்கை இடத்துக்கிடம் மாற்றும். ஆயினும் விதியின் போக்கு மாறாது. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடி நீர் இறங்கினால், கீழேயிருந்து உப்பு நாற்பதடிக்கு ஏறிவரத் தொடங்கும்! பெருநிலத்துக் கிணறு இறைத்தால் வற்றும். மழை பெய்தால் ஊறும். தீவுக் கிணறோ வற்றுவதில்லை, உவராகிறது. உவரான கிணற்றை மீட்பதற்கு எத்தனை மாரி வேண்டும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

இத்தகைய நிலத்திலேதான் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கன் முதலிய பாரக் கனிமங்கள் உள்ளன. வீட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைப் பூச்சுக்கு இல்மனைற்றே மூலப்பொருள். அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையிற் பதிவுபெற்ற ரைட்டேனியம் சாண்ட்ஸ் என்னும் கம்பனி, தீவிலே ஆய்வு உரிமங்களின்கீழ்த் துளையிட்டுப் பார்த்து, 30 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட மணற்படிவு இருப்பதாகவும், அதிலே நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு பாரக் கனிமம் எனவும் பங்குதாரருக்கு அறிவித்தது. துளைகள் நீர்மட்டத்தையும் கடந்து, சில இடங்களிற் பன்னிரண்டு மீற்றர் ஆழம்வரை சென்றன.

தோண்டலை ஆதரிப்போர் சொல்வது யாது? "நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் எடுப்போம், எஞ்சிய தொண்ணூற்றாறு பங்கு மணலையும் அதே குழியிலே இட்டு, மரமும் நட்டுத் தருவோம்" என்பதே அவர்களது வலிமையான வாதம். அதனை எள்ளி நகையாடுதல் அறிவுடைமை ஆகாது. விடை கூறுவதே முறை.

முதலாவது, மணல் என்பது வெறும் எடைக் கணக்கன்று. காற்றும் அலையும் பல நூற்றாண்டுகளாகப் படைபடையாக வகுத்து வைத்த ஒழுங்கு அது. பருமணற் படை நீரை விடும். நுண்மணற் படை நீரைப் பிடிக்கும். அதைக் கலக்கிக் கழுவித் திரும்பக் கொட்டினால் எடை திரும்பும், ஒழுங்கு திரும்பாது. இரண்டாவது, நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே குளம் உண்டாகும். வெயில் காணாது மணலுக்குள் மறைந்திருந்த நீர் வெளிப்பட்டு நிற்கும். இந்த வரண்ட வலயத்திலே திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் ஆவியாகும் நீர், அவ்வாண்டு பெய்யும் மழையிலும் மிகுதி. மூன்றாவது, கனிமத்தைப் பிரித்தெடுக்க மணலைக் கழுவவேண்டும். எந்நீரால்? நன்னீரால் என்றால் நம் கிணறு போகும். கடல்நீரால் என்றால், கழுவிய உப்பு மணல் எங்கே கிடக்கும்? நான்காவது, சில மீற்றர் உயரமே உள்ள தீவிலே ஓரடி தாழ்வும் சிறிதன்று. மாரிவெள்ளம் நிற்பதும் ஓடுவதும் அவ்வோரடியினாலேயே தீர்மானமாகிறது.

இந்நான்கு வினாக்களுக்கும் அளந்தறிந்த விடை உண்டாயின், அதனை ஊரறிய வைக்கட்டும். நாம் படித்துப் பார்ப்போம். விடை வருமுன் உரிமம் வருதல் கூடாது என்பதே நமது கட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

நிலத்தின் மேற்புறம் உங்களுடையது. உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம். முப்பாட்டன் காலத்துத் தோம்பும் இருக்கலாம். ஆனால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்க, கனிப்பொருட் சட்டத்தின்படி, கனிப்பொருள் குடியரசுக்கு உரியது. உரிமம் வழங்குவது கொழும்பு மாவட்டத்திலே தலைமையிடம் கொண்ட பணியகம். மாகாண சபைகளுக்குச் சுரங்க விடயத்திலே பதின்மூன்றாம் திருத்தம் கொடுத்த அதிகாரமும், நாடாளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு உட்பட்டதே. அந்தச் சிறிய அதிகாரத்தைக் கையாள வேண்டிய வடமாகாண சபையின் காலமும் 2018ஆம் ஆண்டு ஒக்ரோபரில் முடிவடைந்தது. பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தன் நிலத்தடியில் என்ன நடக்கிறது என்று முடிவுசெய்ய ஒரு மக்களுக்குச் சபை இல்லையெனில், கிணற்றின் வழக்கும் உரிமையின் வழக்கும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆயினும் கையில் உள்ள கருவியை நாம் மறத்தல் ஆகாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988இல் திருத்தப்பெற்றபின், குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அவ்வறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். முப்பது நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதலாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக முந்நூறு மீற்றர் வரையுள்ள வலயத்திலே அனுமதியின்றி அபிவிருத்தி வேலை செய்வதைத் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நீங்கள் ஒரு கடிதம் எழுதினால், பதினான்கு வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு சொல்லக் கடமைப்பட்டவர். எந்த உரிமம், எந்த எல்லை, எந்தத் திகதிவரை என்று கேட்பதற்குச் சட்டத்தரணி வேண்டியதில்லை. பள்ளி மாணவனும் எழுதலாம்.

இரண்டு தீர்ப்புகளை மாத்திரம் நினைவூட்டுவோம்.

ஒன்று எப்பாவலை வழக்கு. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுபேற்றுக் கனிமத்தை வெட்டுவதற்கு அமெரிக்கக் கம்பனி ஒன்றன் துணை நிறுவனத்தோடு அரசு உடன்படிக்கை செய்ய இருந்தது. வயலும் வாழ்விடமும் இழக்கவிருந்த உழவர்களும் ஒரு விகாராதிபதியும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு ஜூனில் நீதியரசர் அமரசிங்க அவர்கள் வழங்கிய தீர்ப்பு, நாட்டின் இயற்கைச் செல்வத்துக்கு அரசு பொறுப்பாளனாய் நின்று காக்கவேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்றது. முழுமையான ஆய்வு நடந்து, முடிவு வெளியிடப்பட்டு, சுற்றாடல் அனுமதியும் பெறப்படும்வரை உடன்படிக்கை செய்தல் ஆகாதென்று கட்டளையிட்டது. கவனியுங்கள்! அத்திட்டத்தின்கீழ் அங்கே ஒரு மண்வெட்டியும் விழவில்லை. வரவிருந்த தீங்கையே நீதிமன்றம் தடுத்தது. வழக்காடியவர்கள் சிங்கள உழவர்கள். பயன் தமிழ் உழவருக்கும் உரியது. தண்ணீரின் வழக்கிலே நாம் யாருக்கும் பகைவர் அல்லோம்.

மற்றையது சுன்னாக வழக்கு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையின் நீரிலே மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கலந்தது. 2015இல் வழக்குத் தாக்கலாயிற்று. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியை உயர் நீதிமன்றம் நிலைநாட்டி, மின் உற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது. வெற்றிதான். ஆனால் அந்த நான்கு ஆண்டுகள் அம்மக்கள் எதைக் குடித்தனர்? கிணற்றைப் பார்த்து அஞ்சிய தாய்க்கு எந்தத் தீர்ப்பு அந்த நாட்களைத் திருப்பித் தரும்?

எப்பாவலையில் நீதி முன்னே வந்தது. சுன்னாகத்தில் நீதி பின்னே வந்தது. மன்னாருக்கு எது வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கிறோம்.

நம்முடைய குற்றமும் உண்டு

பிறர் குற்றம் பேசியபின் நம் குற்றத்தை மறைப்பது நேர்மையன்று. துலா மிதித்து இறைத்த காலத்தில் நாம் எடுத்த நீருக்கு அளவு இருந்தது. மோட்டார் பூட்டிய பின் அளவு மறந்தோம். கிணற்றுக்குப் பத்தடியில் மலக்குழி வெட்டினோம். வீடு கட்டவென்று மணல் ஏற்றிய உழவுயந்திரங்களை வேடிக்கை பார்த்தோம். மழைநீர் தாழும் பள்ளங்களை மூடினோம். விலை கூடுதல் என்றதும், வாங்குகிறவன் யார், எதற்கு வாங்குகிறான் என்று கேளாது தென்னங்காணியை எழுதிக் கொடுத்தோரும் நம்மிடையே உண்டு. வறுமை அவர்களைக் கையொப்பமிட வைத்தது; அதை உணர்கிறோம். ஆயினும் ஒருவன் காணியில் தோண்டிய குழிக்கு நூறு பேரின் கிணறு விலை கொடுக்கும் என்பதை அயலவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமலிருந்தது நமது பிழை.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டிலே மன்னார் நகரில் மக்கள் வீதிக்கு வந்தனர். காற்றாலைத் திட்டங்களுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக, கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். நாம் அதனைத் தலைவணங்கிப் போற்றுகிறோம். ஆனால் முழக்கம் செய்தித்தாளில் ஒரு நாள் நிற்கும்; சான்று நீதிமன்றத்தில் என்றும் நிற்கும். ஆகவே முழக்கத்தோடு கூட ஒரு சிறு வேலையையும் உங்கள் கையில் ஒப்படைக்கவே இன்று வந்தோம்.

கிணற்றுப் பதிவேடு

வழக்கிலே முதற்கேள்வி என்ன தெரியுமா? "இக்கிணறு முன்பு நன்னீர்க் கிணறாய் இருந்தது என்பதற்குச் சான்று என்ன?" என்பதே. "என் பாட்டி குடித்தாள்" என்று நாம் சொல்வோம். எதிர்த்தரப்பு அறிஞர் ஓர் அட்டவணையை நீட்டுவார். அட்டவணைக்கு முன் பாட்டி தோற்பாள்! ஆகவே பாட்டியின் சொல்லையும் நாம் அட்டவணை ஆக்கவேண்டும்.

ஒவ்வொரு கிராமத்திலும் இருபது கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். கடற்கரையோரம் சில, நடுமேட்டில் சில, தோட்டத்தில் சில, கோயில், பள்ளிவாசல், பாடசாலைக் கிணறுகள் சில. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் இடுங்கள். கிணற்றுக் கட்டிலே அழியாத கோடு ஒன்று கீறி, அக்கோட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று மாதம் இருமுறை, விடியற்காலையில், எவரும் இறைக்குமுன் அளவுங்கள். உப்பின் அளவைக் காட்டும் கைக்கருவி விலையால் எட்டாததன்று. பாடசாலை ஒன்றுக்கு ஒன்று வாங்கினாற் போதும். திகதி, நேரம், மழை, அளந்தவர் பெயர், பார்த்திருந்தவர் ஒப்பம் ஆகியன ஒரு தடித்த கொப்பியில், பக்கம் கிழியாமல், மையினால் எழுதப்படட்டும். விஞ்ஞான ஆசிரியர் சரிபார்க்கட்டும். ஆண்டுக்கிருமுறை, மாரி முடிவிலும் கோடை முடிவிலும், நீர் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி அறிக்கையை அக்கொப்பியிலே ஒட்டுங்கள். ஒரு பிரதியை நகரசபையிலோ பிரதேச சபையிலோ ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 2025 மேயில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலிலே நீங்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களுக்கும் இது ஒரு பயனுள்ள வேலையாகும்.

சட்டத்தரணிகள் செய்யவேண்டியது வேறு. வர்த்தமானியையும் பத்திரிகை அறிவித்தலையும் தவறாது பார்ப்பதற்கு ஒரு குழு வேண்டும். முப்பது நாள் என்பது மிகக் குறுகிய காலம். அடிப்படை உரிமை வழக்குக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே மாதம். அறிக்கை வந்தபின் கண்விழிப்பவன் தோற்றான். பொறியியலாளர் அந்த அறிக்கையின் எண்களைச் சோதிக்கட்டும். மருத்துவர் சிறுநீரக நோயின் கணக்கை வைத்திருக்கட்டும். விவசாயி கிணற்றை அளக்கட்டும். ஒருவர் மற்றவரின் மொழியை விளங்கிக்கொள்வதே நமது அரசியல்.

நாம் கேட்பது

நாம் கேட்பது மூன்று. தீவின் நன்னீர் எங்கே, எவ்வளவு, எவ்வாறு நிற்கிறது என்று, குறைந்தது இரண்டு மாரியும் இரண்டு கோடையும் அளந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதலில் வெளியிடுக. அவ்வளவீடு வெளிவருமுன் எந்தக் கனிமத் தோண்டலுக்கும் உரிமம் வழங்காதொழிக. நிலத்தடி நீரைத் தொடும் முடிவெதனையும் இம்மாவட்டத்து மக்களின் தெரிவுபெற்ற சபையின் இசைவின்றி எடுக்காதொழிக.

இவை அபிவிருத்திக்குப் பகையான கோரிக்கைகள் அல்ல. அளவீட்டின் முடிவிலே, இன்ன இடத்தில் இவ்வளவு தோண்டினால் கிணற்றுக்குக் கேடில்லை என்று ஐயமற நிறுவப்படுமாயின், அன்று அதனையும் நேர்மையோடு பரிசீலிப்போம். ஆனால் நிறுவும் சுமை தோண்டுகிறவனுடையது; குடிக்கிறவனுடையது அன்று.

நண்பர்களே! கனிமம் மணலுக்குள்ளேயே கிடக்கும். இன்று எடுக்காவிட்டால் அது அழுகிப்போவதில்லை. பேரன் காலத்திலும் இருக்கும், மேலான வழி தெரிந்தபின் அவன் எடுக்கலாம். நன்னீர் அப்படியன்று. ஒருமுறை உவரானால், அந்தப் பேரன் இத்தீவிலே இருக்கமாட்டான். ஆகவே எது காத்திருக்கக் கூடியதோ அது காத்திருக்கட்டும்.

வருகின்ற சனிக்கிழமை விடியற்காலையில், முதலாவது கிணற்றின் கட்டிலே முதற்கோட்டைக் கீறுவோம். நமக்குத் தண்ணீர் தந்த அந்தத் தாயின் கிணறே ஒன்றாம் இலக்கமாக இருக்கட்டும்.